சுவரோரத்து இடம்

வலது தோள்பட்டைக்குள் யாரோ மூட்டைக் கொக்கியை மாட்டிவிட்டு எடுக்க மறந்துபோனதுபோல இருந்தது சடையப்பனுக்கு. கையைத் தூக்கினால் கொக்கி இழுத்தது. தொங்கவிட்டால் விரல்நுனி வரை எரிந்தது. சட்டை போட அம்சாதான் ஒத்தாசை. ஐம்பத்தெட்டு வயதில், பெண்டாட்டி கையை நுழைத்துவிட, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலைக்குப் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. கருங்குழியில் ஜிஎஸ்டி ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு அரிசி ஆலையில் அவன் சுமைதூக்கும் செட்டுக்கு மேஸ்திரி. பதினோரு ஆட்கள். லாரியில் வரும் நெல் மூட்டையை இறக்கி, குடோனுக்குள் கூரை முட்ட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட வேண்டும். அப்புறம் அந்த அட்டியைப் பிரித்து ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மூட்டை எழுபத்தைந்து கிலோ. தை, மாசி அறுப்புக் காலத்தில் ஒரு ஆள் முதுகில் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை ஏறி இறங்கும்.

வயது ஏறினவர்கள் முதுகில் சுமப்பதில்லை. இரண்டு பேர் மூட்டையின் இரண்டு முனையிலும் நின்று, ஒரே மூச்சில் தூக்கி, குனிந்து நிற்பவன் முதுகில் வைப்பார்கள். சடையப்பனும் ராமானுஜமும் இருபத்தாறு வருஷமாக ஒரே செட்டு; கடைசிப் பத்து வருஷம் தூக்கிவிடும் ஜோடி. சடையப்பன் சுவரோரம் நிற்பான். ராமானுஜம் வெளிப்பக்கம். பத்து வருஷத்தில் இடம் மாறினதில்லை.

மாசியில் ஒரு புதன்கிழமை தூக்கின மூட்டை பாதியில் சாய்ந்து ராமானுஜத்தின் மேல் விழுந்தது. தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, உள்ளே நரம்பு போய்விட்டது. அவனுடைய வலது கை இப்போது உடம்பில் தொங்குகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து சடையப்பன் ஆலைப் பக்கம் போகவில்லை. சோறு வைத்தால் நாலு வாய். பேசினால் ‘ம்’. மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அம்சா சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தாண்டை ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். காலை ஆறு மணிக்கு வேன். மகன் ஜெயக்குமார் ஓசூரில் வேலை; ஞாயிற்றுக்கிழமை போன் செய்து “அப்பாக்கு இன்னாம்மா” என்பான். “கீறாரு” என்பாள்.

சித்திரை பிறந்து வெயில் தகரக் கூரையைப் பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, அவள் வேனை விட்டுவிட்டாள்.

“எயிந்து வாய்யா. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுகினு வந்துடலாம்.”

“எதுக்கு?”

“தோளுக்கு. படுத்தா மொனகுற, எயிந்தா மொனகுற. கேட்டுகினு கீற எனுக்கே தோளு வலிக்குது.”

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், மாத்திரை எழுதினார். பிறகு அம்சாவைப் பார்த்து, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று இரண்டு கேள்வி கேட்டார். அவள் சொன்ன பதிலுக்கு இன்னொரு சீட்டில் ‘7’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழாம் நம்பர் அறை வாசலில் ‘மனநல ஆலோசனை, வியாழன் மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. சடையப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“நா இன்னா பைத்தியமாடி?”

“பைத்தியம் கூட சோறு துன்னும். உள்ள போ.”

அறையில் பாதியைத் தடுப்பூசி வைக்கும் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மூலையில் குழந்தைகளை எடைபோடும் தராசு. மேசைக்குப் பின்னால் ஆலோசகர் பிரதீபா. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பா அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பத்திரண்டு வயதுக்குத் தலையில் அங்கங்கே நரை. அதற்குச் சாயம் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டதற்கெல்லாம் சடையப்பன் ‘ம்’ என்றான். கண் தராசில் இருந்தது. கால் மணி நேரம் கழித்து, தானாக வாயைத் திறந்தான்.

“அது எத்தினி கிலோ தாங்கும்?”

“இருபது.”

“மூணு போட்டாக்கூட எங்க மூட்டைய நிறுக்க முடியாது.”

“முடியாதுதான்” என்றாள் பிரதீபா. பேனாவைக் கீழே வைத்தாள். “ஐயா, நேராவே ஒண்ணு கேக்கறேன். உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?”

இதை இப்படி யாரும் கேட்பார்கள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டிருந்தால் சுற்றி வளைத்துத் தப்பித்திருப்பான்.

“தோணுது.”

“இன்னிக்கும்?”

“காலைல.”

அவள் பதறவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தோள் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று டாக்டர் கேட்ட அதே குரல்தான்.

“இதை அம்மாவுக்குச் சொல்லணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நீயே சொல்லும்மா.”

அம்சா உள்ளே வந்து கேட்டுக்கொண்டாள். முகம் மாறவில்லை.

“தெரியும் மேடம். பத்து நாளைக்கு முன்னாலயே வூட்ல கீற மருந்து மாயம் அல்லாத்தையும் எடுத்து எதுத்த வூட்ல குடுத்துட்டேன்.”

சடையப்பன் திரும்பி அவளைப் பார்த்தான்.

“நல்லது பண்ணீங்க” என்றாள் பிரதீபா. “அப்போ நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?”

அம்சா பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அந்த அறையில் முதலில் அழுதது அவள்தான்.

கிளம்பும்போது ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள் பிரதீபா. எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்றாள். டாக்டரிடம் மறுபடி அனுப்பி, இன்னும் ஒரு மாத்திரை சேர்க்க வைத்தாள். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை, நடந்தீர்களா என்று கேட்டதும் சடையப்பன் முகத்தில் ஏதோ அசைந்தது.

“நாப்பது வருசமா நெல்லு மூட்டையோட நடந்தேன் மேடம். இப்ப வெறுங்கையோட ரோட்ல போனா, இன்னா மேஸ்திரி, வேல இல்லியான்னு டீக்கடைல கீறவன்லாம் கேக்குறான். நாலு நாளு போனேன். அஞ்சாம் நாளு வூட்டுக்குள்ளயே நடந்தேன்.”

“அத ஏன் கேக்குற” என்றாள் அம்சா. “அடுப்பங்கரைக்குள்ள வந்து என் டப்பாவயெல்லாம் எடுத்து அட்டி போட்டு வச்சிகீது. மொளகாத்தூளு அடில, மேல ஆறு டப்பா. ஒரு கொழம்பு வைக்க அட்டி பிரிக்கணும் மேடம். முப்பது வருசமா காலைல போய்டும், ராவுல வரும். இப்ப நாளு பூரா வூட்ல ஒரு ஆம்பள. இன்னா பண்றதுன்னே தெரில.”

பிரதீபா சிரித்துவிட்டாள். நோட்டைத் திறந்து, எழுதியிருந்த ஒரு வரியை அடித்தாள்.

“நடக்கச் சொன்னது என் தப்பு. விடுங்க. எனக்கு உங்க வேலை தெரியாது. காலையில ஆலைக்குப் போனதும் முதல்ல என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்க.”

டீ வரும் என்றான் சடையப்பன். பன்னும் வரும். டீ குடித்து முடித்ததும், முதல் லாரியின் தார்ப்பாயை அவிழ்க்குமுன், மேஸ்திரி ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘ஒடம்பு?’ என்று கேட்க வேண்டும். நன்றாக இருப்பவன் ‘இல்ல’ என்பான். வலியோ காய்ச்சலோ இருப்பவன் ‘கீது’ என்பான். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. அவனுக்கு அன்றைக்கு மூட்டை இல்லை. சாக்கு வாய் தைக்கும் பெண்களோடு உட்கார்ந்து தைக்கலாம், அரைப் பங்கு. ‘இல்ல’ என்று சொல்லிவிட்டு மூட்டையில் கை வைத்தவன் பிறகு வலி என்று சொல்லக் கூடாது. ஏனென்றால் இன்னொரு முனையில் ஒரு ஆள் நிற்கிறான்.

பேச ஆரம்பித்ததும் சடையப்பனின் இடது கை தானாக மூட்டையின் மூலையைப் பிடிக்கிற மாதிரி மடங்கியது.

“எத்தனை வருஷமா நீங்க மேஸ்திரி?”

“பத்தொம்பது.”

“பத்தொம்பது வருஷத்துல உங்களை யார் கேட்டாங்க?”

“இன்னாத்த?”

“ஒடம்புன்னு.”

தலைக்கு மேல் விசிறி கடகடவென்று ஓடியது.

“மேஸ்திரிய யார் கேப்பா?” என்றான்.

பிரதீபா நாற்காலியை மேசைக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சடையப்பா. ஒடம்பு?”

‘ஐயா’வை விட்டுவிட்டாள். அவன் ஆட்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். அதை அவன் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்தான்.

“கீது” என்றான்.

முறைப்படி, அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அம்சாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனாகவே சொன்னான். தோள் போனது மாசியில் அல்ல, ஐப்பசியில். தைலம் தேய்த்தால் வாசனை காட்டிக்கொடுக்கும் என்று வெறும் சுடுதண்ணீர் ஒத்தடம். சுவரோரம் நிற்கிறவனுக்குத்தான் வலது கையில் பாரம் அதிகம். வெளிப்பக்கம் நிற்பவன் இடது கையில் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் புதன்கிழமை காலையில் ராமானுஜத்திடம், ‘அந்தாண்ட ஈரமா கீதுடா, கால் வழுக்குது, இன்னிக்கி நீ செவுத்தோரம் நில்லு’ என்றான். ராமானுஜம் ஏன் என்று கேட்கவில்லை. மாறி நின்றான். முப்பதாவது மூட்டையோ நாற்பதாவதோ, பாதி உயரத்தில் சடையப்பனின் தோள் விட்டுவிட்டது. மூட்டை அந்தப் பக்கம் சாய்ந்தது. வெளிப்பக்கம் நிற்பவன் என்றால் ஒரு எட்டு பின்னால் வைத்துத் தப்பித்திருப்பான். சுவரோரம் எங்கே போவது?

“ஈரம் இல்ல மேடம். கட்டாந்தர. காஞ்சி கெடந்திச்சி.”

“இது யாருக்குத் தெரியும்?”

“உனுக்கு.”

“ராமானுஜம் என்ன நினைக்கிறார்?”

“எடம் புதுசு, கால் பழகல, நாந்தான் சரியா நிக்கலன்னு சொல்லிகினு கீறானாம். மொதலாளிகிட்டயும் அப்டியேதான் சொல்லிகீறான்.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அல்லாரும், உன் தப்பு இல்ல மேஸ்திரி, உன் தப்பு இல்லங்குறாங்க. நீ ஒரு தபா கூட சொல்லல.”

“முழுசாத் தெரியாம எப்படிச் சொல்றது? இப்பத் தெரிஞ்சுது. இப்பவும் சொல்ல மாட்டேன்.”

சடையப்பன் தலையாட்டினான். அவள் அப்படிச் சொல்லாதது அவனுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “ஐப்பசியில தோள் போனப்பவே ‘கீது’ன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“சாக்கு தெச்சிகினு ஒக்காந்திருப்பேன்.”

“அதுல என்ன?”

“ஒரு நாளுன்னா ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். டெய்லின்னா கெயவன்னு அர்த்தம். மூட்ட தூக்காத மேஸ்திரிய எவன் மேஸ்திரிம்பான்? அப்புறம் நா யாரு?”

“அந்தக் கேள்விக்கு நாலு மாசம் பயந்தீங்க.”

“ஆமா.”

“இப்பவும் அதே கேள்விதான் நிக்குது. ராமானுஜத்தோட கை போனதுக்கு அப்புறமும்.”

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இரண்டு மூட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி வைத்ததுபோலச் சொன்னாள். ராமானுஜத்திடம் போய்ச் சொல்லச் சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனையே இரண்டு பக்கமும் பேச வைத்தாள். அவன் மூன்று வாரம் பேசினான்.

அந்த வாரங்களில் ஒரு நாள் எல்லம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஆலையில் சாக்கு தைப்பவள். சடையப்பனைவிட மூன்று வயது மூத்தவள். கொண்டுவந்த முருங்கைக்காயை அம்சாவிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“உன் எடத்துல இப்ப நம்ம செட்டு பாலாதான் கேக்குறான், ஒடம்புன்னு. பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி வெக்கப்பட்டுகினு கேக்குறான். கேக்கவே கண்றாவியா கீது.”

சடையப்பன் இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“எம் பக்கத்துல ஒரு முக்காலி காலியா கீது. ஊசி ரெண்டு கீது. லெஃப்ட் கைல தெக்கிறதுன்னாலும் தெய்யி, கோணலாத்தான் வரும், நெல்லு ஒண்ணும் கோச்சிக்காது.”

“அது பொம்பளைங்க வேல.”

“மேஸ்திரி, எனுக்கு அறுவத்தியொண்ணு. கண்ணு மங்கலா தெரிது. நூலு கோத்துக் குடுக்க ஆளு இல்லாம நாந்தான் பேஜார்ல கீறேன். உன் ஆம்பளத்தனத்தக் கொறைக்கவா நா வந்தேன்?”

அம்சா உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சடையப்பன் மதுராந்தகம் போய், கடப்பாக்கம் பஸ் ஏறினான். ராமானுஜமும் அவன் பெண்டாட்டி ராஜமும் இப்போது அங்கே மகள் துர்காதேவி வீட்டில் இருந்தார்கள். அம்சா கூட வருகிறேன் என்றாள்; வேண்டாம் என்றுவிட்டான். வியாழக்கிழமை பிரதீபா சொன்னது காதில் இருந்தது: “வாய் வரலைன்னா திரும்பி வந்துடுங்க. அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். எது நடந்தாலும் வியாழக்கிழமை நான் இங்கதான் இருப்பேன்.”

செய்யூர் தாண்டியதும் காற்று மாறியது. கடப்பாக்கத்தில் இறங்கியபோது உப்புக் காற்று வேர்வையைக் காயவிடாமல் உடம்பில் பூசியது. தெருவில் கருவாடு காய்ந்தது.

“வா மச்சான்” என்றான் ராமானுஜம், கட்டிலில் இருந்தபடி. “செத்துகித்து பூட்டியோன்னு நெனச்சேன்.”

“பாதி.”

“மீதிக்கு சோறு போடு ராஜம்.”

நெத்திலிக் குழம்பு. ராஜம் இரண்டு தட்டு வைத்தாள். சடையப்பன் முன்னால் ஒன்று. இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, புருஷனுக்கு ஊட்டினாள்.

“லெஃப்ட் கைல துன்னச் சொல்றா எம் பொண்ணு. ஸ்பூன் குடுக்குறா. மனசு வரல மச்சான். அந்தக் கையால எப்டி...” ராமானுஜம் மென்றுகொண்டே பேசினான். “எல்லாம் என் தப்பு. எடம் புதுசு. கால ஊனி நிக்கல நானு.”

சடையப்பன் தட்டைத் தொடவில்லை.

“ஏன் எடம் மாறச் சொன்னேன்?”

“ஈரம்னு சொன்ன.”

“ஈரம் இல்ல.”

ராமானுஜம் மெல்லுவதை நிறுத்தினான்.

“தோளு பூட்ச்சி மச்சான். ஐப்பசிலயே. செவுத்தோரம் நிக்க முடில. அதான் உன்ன அங்க தள்ளுனேன். மூட்டைய வுட்டதும் நாந்தான்.”

ஊட்டப்போன ராஜத்தின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தச் சோறு தட்டுக்கே திரும்பியது. வெளியே கருவாட்டுக்கு வந்த காக்கையை யாரோ விரட்டினார்கள்.

ராமானுஜம் இடது கைவிரலை மடக்கினான். “ஐப்பசி. கார்த்திக. மார்கழி. தை. நாலு மாசம். டெய்லி காலைல என் மூஞ்சிக்கு நேரா நின்னு ஒடம்புன்னு கேட்ட. நா ‘இல்ல’ன்னு சொன்னா கூட நம்ப மாட்ட, மூஞ்ச உத்துப் பாப்ப. ஒரு தபா நீ ‘கீது’ன்னு சொல்லியிருந்தா இன்னா? அரப் பங்குடா. அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“எயிந்து போண்ணா” என்றாள் ராஜம். “போய்டு.”

சடையப்பன் எழுந்தான்.

“ஒக்காரு” என்றான் ராமானுஜம். “எல எதிர்ல ஒக்காந்தவன எழுப்பி அனுப்புன பாவம் எனுக்கு வோணாம். துன்னு.”

உட்கார்ந்தான். வலது கையைத் தட்டில் வைக்க வெட்கமாக இருந்தது. இடது கையை எடுத்தான்.

“சோத்துக் கையால துன்னுடா. உனுக்குத்தான் கீதே.”

சடையப்பன் வலது கையால் பிசைந்து தின்றான். ஒவ்வொரு வாய்க்கும் தோளில் கொக்கி இழுத்தது. தட்டு காலியாகிற வரைக்கும் இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்தபோது ராமானுஜம் சொன்னான்: “செவ்வாக்கெழம செவ்வாக்கெழம செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில கைக்குப் பயிற்சி. மாப்ள கடைய மூடிட்டு இஸ்துகினு போறாரு. இனிமே நீ வா.”

“வர்றேன்.”

“வந்தா சரியாப்பூடும்னு நெனைக்காத.”

“நெனைக்கல.”

ராஜம் அவனுக்கு முகம் கொடுக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அவன் எல்லம்மாள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தான். பாலா டீ குடித்துவிட்டு எல்லாரையும் பெயர் சொல்லிக் கேட்டான். சடையப்பன் முறை வந்தபோது கொஞ்சம் தயங்கி, “மேஸ்திரி... ஒடம்பு?” என்றான். “கீது” என்றான் சடையப்பன். யாரும் சிரிக்கவில்லை. தையல் கோணலாகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை கடப்பாக்கம் போய் ராமானுஜத்தை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினான். நல்ல கூட்டம். டிரைவர் பக்கத்து வரிசையில் ஒரு சீட்டைப் பிடித்து, ராமானுஜத்தை ஜன்னலோரம் போகச் சொன்னான்.

“செவுத்தோரம் நீ போ” என்றான் ராமானுஜம். “அது உன் எடம்.”

சடையப்பன் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தான். ராமானுஜம் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய வலது கை, கூட்டம் இடிக்காதபடி, இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. பஸ் பள்ளத்தில் இறங்கியபோது அது நழுவியது. சடையப்பன் எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். சில்லென்று இருந்தது. ராமானுஜம் அதைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“வேயாக்கெழம நீ எங்கியோ போறியாமே. எல்லம்மா போன்ல சொன்னா. உள்ள இன்னா பண்ணுவாங்க?”

“கேப்பாங்க.”

“நீ சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“அப்ப இத்தயும் சொல்லு” என்றான் ராமானுஜம், ரோட்டைப் பார்த்தபடி. “எனுக்கு நீ ஒரு கை பாக்கி. சோத்துக் கை.”